அப்பாயி கல்லறையில் எந்த வரி? பரலோகம், நித்திரை, புதிய எருசலேம் பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பாயியைத் தரங்கம்பாடிப் பக்கத்தில் அடக்கம் செய்திருக்கிறீர்கள். வருஷ நினைவு நாளுக்குள் கல்லறைக்குக் கல் வைக்க வேண்டும். ‘பரலோகம் சேர்ந்தார்’ என்று பொறிக்கச் சொல்கிறார் அப்பா. ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்பதுதான் நம் சபை வழக்கம் என்கிறார் சித்தப்பா. பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் அத்தைக்கு ‘புதிய எருசலேமில் சந்திப்போம்’ என்ற வரி வேண்டும். மூன்றில் எது வேதத்தின்படி சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய ‘அப்பாயி இப்ப எங்கதான் இருக்காங்க?’ என்ற வரிதான் உங்கள் மனதில் உறுத்துகிற கேள்வி என்று நினைக்கிறேன். வேதத்தை மூலமொழியில் படித்து, உபதேசியார்களுக்குப் பாடம் எடுத்த பழக்கத்தில் பதில் சொல்கிறேன்.

சுருக்கமான பதில்: மூன்று வரியும் சரி. மூன்றும் மூன்று வேறு விஷயங்களைச் சொல்கின்றன. ‘நித்திரை’ மண்ணுக்குள் இருக்கும் உடலைப் பற்றியது. ‘பரலோகம் சேர்ந்தார்’ என்பது அப்பாயி இன்று யாருடைய பாதுகாப்பில் இருக்கிறார் என்பதைப் பற்றியது. ‘புதிய எருசலேம்’ இன்னும் வராதது, கடைசியில் வரப்போவது. நடுவில் உள்ளதையே கடைசி என்று எண்ணிக்கொள்வதால்தான் வீட்டில் இந்த வாக்குவாதம் வருகிறது.

இந்தக் குழப்பத்துக்கு நம் பாஷையும் ஒரு காரணம். மயிலாடுதுறை, கும்பகோணம் தெருக்களில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களைப் பாருங்கள்: ‘சிவபதவி அடைந்தார்’, ‘வைகுண்ட பதவி அடைந்தார்’. அதே அச்சில் வார்த்தையை மட்டும் மாற்றி நம்மவர்களும் ‘பரலோக பதவி அடைந்தார்’ என்று போடுகிறார்கள். கத்தோலிக்க வழக்கில் ‘மோட்சம்’ என்பது நூற்றாண்டுகளாகப் புழங்கும் சொல். தமிழ்க் காதுக்கு மோட்சம் என்றாலும் வீடுபேறு என்றாலும் உடலிலிருந்தும் பிறப்பிலிருந்தும் விடுதலை என்றுதான் கேட்கும். கிறிஸ்தவ நம்பிக்கை நேர் எதிர்த் திசையில் போகிறது: இழந்த உடல் திரும்பக் கிடைக்கும். வார்த்தையைக் குறை சொல்லவில்லை. அது கொண்டுவரும் பழைய அர்த்தத்தைத் தெரிந்துகொண்டு பயன்படுத்த வேண்டும், அவ்வளவுதான்.

எது உறுதி என்று கேட்டால், ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணத்தில் சொல்வதுதான் உறுதி. ‘சரீரம் உயிர்த்தெழுதலும் நித்திய ஜீவனும்’ என்று வாயால் சொல்கிறோம். ‘ஆத்துமா மேலே போகும்’ என்று அதில் ஒரு வரிகூட இல்லை. லுத்தரன், கத்தோலிக்கர், சிஎஸ்ஐ, பெந்தெகொஸ்தே என்று எந்தச் சபையாக இருந்தாலும், சொல்லும் வார்த்தை மாறினாலும், மரித்தவர்கள் உடலோடு எழுந்திருப்பார்கள் என்பதில் பிளவு கிடையாது. அது எப்படிப்பட்ட உடல் என்பதற்கு 1 கொரிந்தியர் 15-ல் பவுல் விதையை உதாரணம் காட்டுகிறார். நாற்றங்காலில் தெளிப்பது விதை நெல்; தை மாதம் அறுப்பது கதிர். இரண்டும் ஒன்றா என்றால் ஒன்றேதான். பொன்னி விதைத்த இடத்தில் உளுந்து முளைக்காது. அதே உருவமா என்றால் இல்லை. பவுல் சொல்வதும் அவ்வளவே: அழிவுள்ளதாய் விதைக்கப்படுவது அழிவில்லாததாய் எழும்பும். அதற்கு மேல் விவரம் கேட்பவனை அந்த அதிகாரத்திலேயே ‘புத்தியீனனே’ என்று கடிந்துகொள்கிறார்.

இனி நடுவில் உள்ள காலம். சிலுவையில் தொங்கிய கள்ளனிடம் இயேசு ‘இன்றைக்கு’ என்று சொன்னார் (லூக்கா 23:43). பவுல் தேகத்தை விட்டுப் பிரிந்து கிறிஸ்துவுடன் இருப்பது அதிக நன்மை என்கிறார் (பிலிப்பியர் 1:23). எனவே மரித்த விசுவாசி கிறிஸ்துவோடு இருக்கிறார் என்பது பெரும்பாலான சபைகளின் போதனை. உங்கள் அப்பா சொல்வது இதைத்தான். ஆனால் வெளிப்படுத்தின விசேஷம் 6-ம் அதிகாரத்தைப் பாருங்கள். அங்கே பலிபீடத்தின் கீழ் இருக்கும் இரத்தசாட்சிகள் வெள்ளை அங்கி பெற்ற பிறகும் ‘எதுவரைக்கும்?’ என்று கேட்கிறார்கள். இன்னும் கொஞ்சக்காலம் இளைப்பாறும்படி அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. சுகமாக இருக்கிறார்கள், ஆனாலும் காத்திருக்கிறார்கள். அந்த இடத்தின் காட்சி விவரங்களை வேதம் ஏறக்குறைய எதுவும் தரவில்லை. யாரோடு இருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்கிறது.

இங்கேதான் சபைகள் பிரிகின்றன. கத்தோலிக்கத் திருச்சபையில் 1336-ல் பாப்பரசர் பன்னிரண்டாம் பெனெடிக்ட் வெளியிட்ட சாசனத்தின்படி, தூய்மையடைந்த ஆன்மாக்கள் உயிர்ப்புக்கு முன்பே கடவுளை நேருக்கு நேர் காண்கின்றன. இன்னும் தூய்மை தேவைப்படுவோருக்கு உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு. நவம்பர் 2, கல்லறைத் திருநாளில் வேளாங்கண்ணியிலும் பூண்டியிலும் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து மெழுகுவர்த்தி ஏற்றிச் செபிப்பதன் பின்னணி அதுதான். லுத்தரன், ஆங்கிலிக்கன் மரபுகள் உத்தரிக்கிற ஸ்தலத்தை ஏற்கவில்லை. பொதுவாக மரித்தவருக்காக நன்றி செலுத்துவதோடு நின்றுவிடுவார்கள். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார் நித்திரை என்பதை நேரடியாகவே எடுத்துக்கொண்டு, உயிர்த்தெழும் நாள்வரை உணர்வே இல்லை என்பார்கள். இந்தக் கருத்தை மறுக்கவே சபைச் சீர்திருத்தவாதி கால்வின் 1530-களில் ஒரு தனி நூல் எழுதினார். என் தீர்ப்பு அப்பாவின் பக்கம்தான். ஆனால் சித்தப்பாவின் ‘நித்திரை’யும் தவறல்ல. அது ஆதிச் சபையின் சொல். கல்லறைத் தோட்டத்துக்கு அவர்கள் வைத்த கிரேக்கப் பெயருக்கே ‘தூங்கும் இடம்’ என்றுதான் பொருள். தூங்குகிறவரை எழுப்பலாம் என்ற நம்பிக்கையில் வைத்த பெயர்.

அத்தையின் வரிக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். தரங்கம்பாடி இராஜவீதியில் லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் 1718-ல் கட்டி முடித்த ஆலயத்தின் பெயரே புதிய எருசலேம். 1707-ல் கட்டிய சிறிய ஆலயத்துக்கு எருசலேம் என்று பெயர். அதன் பிறகு கட்டியது புதிய எருசலேம். அடுத்த வருஷமே, 36 வயதில் இறந்த சீகன்பால்க்கை அந்த ஆலயத்துக்குள்தான் அடக்கம் செய்தார்கள். அந்த வாசலைத் தாண்டிப் போகிற பலரும் பெயரைப் பார்க்கிறார்கள். பெயர் வந்த அதிகாரத்தைப் படித்தவர்கள் குறைவு.

வெளிப்படுத்தின விசேஷம் 21-ல் முதலில் கவனிக்க வேண்டியது திசை. நகரம் ‘பரலோகத்தைவிட்டு இறங்கி’ வருகிறது. யாரும் மேலே ஏறிப் போகவில்லை. அடுத்த வசனம் ‘மனுஷர்களிடத்திலே தேவனுடைய வாசஸ்தலம்’ என்கிறது. வேதத்தின் கடைசிக் காட்சி, தேவன் மனிதரோடு குடியிருக்கப் புதுப்பித்த பூமிக்கு வருவது. நாம் பூமியைக் காலி செய்துவிட்டு எங்கோ குடிபோகும் காட்சி அங்கே இல்லை. 1 தெசலோனிக்கேயர் 4-ல் விசுவாசிகள் ஆகாயத்தில் ஆண்டவரை ‘எதிர்கொண்டு’ போவதாக வருகிறதே என்று அத்தை கேட்பார். அந்த இடத்தில் உள்ள கிரேக்கச் சொல்லை, பெரிய மனிதர் ஊருக்கு வரும்போது எல்லைவரை போய் அவரை அழைத்து வருவதற்குப் பயன்படுத்துவார்கள். மத்தேயு 25-ல் மணவாளனை எதிர்கொள்ளப் புறப்படும் கன்னிகைகளுக்கும் அதே சொல்தான். நம் மாப்பிள்ளை அழைப்பு போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் எல்லைக்குப் போனவர்கள் மாப்பிள்ளையோடு ஊருக்குள் திரும்பி வருவார்களே தவிர, அங்கிருந்தே வேறு ஊருக்குக் கிளம்ப மாட்டார்கள். அந்தச் சொல் எப்போதும் இந்த அர்த்தத்தில்தான் வரும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் 21-ம் அதிகாரத்தோடு சேர்த்துப் படித்தால் இந்த அர்த்தமே பொருந்துகிறது.

அடுத்தது அளவு. நகரத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றும் சமம், பன்னீராயிரம் ஸ்தாதி. ஒரு ஸ்தாதி ஏறக்குறைய 185 மீட்டர். அப்படியானால் ஒரு பக்கம் சுமார் 2,220 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து டெல்லிக்கு நேர்கோடு போட்டால் வரும் தூரம். அதே அளவு உயரமும். மதிலுக்கு 144 முழம். முழத்தை ஒன்றரை அடியாகக் கொண்டால் 216 அடி. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்குச் சொல்லும் உயரம் அது. இது மதிலின் உயரமா தடிமனா என்று வசனத்தில் இல்லை. உயரம் என்றே வைத்துக்கொண்டால், டெல்லிவரை எட்டும் உயரமுள்ள நகரத்துக்குப் பெரிய கோயில் உயரத்தில் ஒரு மதில். காவலுக்குக் கட்டிய மதிலாக இருக்க முடியாது. வாசல்களே ஒருபோதும் அடைக்கப்படுவதில்லை என்று சில வசனங்கள் தள்ளி வருகிறது. 12-ஐ ஆயிரத்தால் பெருக்கினால் 12,000. 12-ஐ 12-ஆல் பெருக்கினால் 144. பன்னிரண்டு கோத்திரம், பன்னிரண்டு அப்போஸ்தலர் என்று அந்த அதிகாரமே எண்ணை விளக்கிவிடுகிறது. ஆகவே கன அளவைக் கணக்கிட்டு, ஆளுக்கு எத்தனை சதுர அடி என்று வகுத்துப் பிரசங்கம் செய்வது வீண் உழைப்பு.

நீளம், அகலம், உயரம் சமமான இடம் பழைய ஏற்பாட்டில் ஒன்று உண்டு: சாலொமோன் கட்டிய ஆலயத்தின் மகா பரிசுத்த ஸ்தலம். மூன்று பக்கமும் இருபது முழம் (1 இராஜாக்கள் 6:20). பிரதான ஆசாரியன் மட்டும், வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் நுழைந்த அறை அது. வெளிப்படுத்தின விசேஷத்தை எழுதிய யோவான் கண்ட நகரம் முழுவதும் அந்த அறையின் வடிவத்தில் இருக்கிறது. அதனால்தான் ‘அதிலே தேவாலயத்தை நான் காணவில்லை’ என்கிறார். நகரமே கர்ப்பக்கிரகமாக இருக்கும்போது தனியாகக் கோயில் எதற்கு? இருபது முழ அறைக்குள் நுழைய அனுமதியில்லாத உங்கள் அப்பாயி போன்ற ஒரு பெண் அங்கே குடியிருப்பவர். அளவின் பொருள் இதுதான், கிலோமீட்டர் அல்ல.

இன்னொன்றையும் பலர் தவறவிடுகிறார்கள். 9-ம் வசனத்தில் தூதன் ‘மணவாட்டியைக் காட்டுகிறேன், வா’ என்று யோவானை அழைத்துப் போகிறான். போய்க் காட்டியது நகரத்தை. மணவாட்டியும் நகரமும் ஒன்றே. வாசல்களில் கோத்திரங்களின் பெயர், அஸ்திபாரங்களில் அப்போஸ்தலர்களின் பெயர் எழுதியிருப்பதும் அதனால்தான்: அந்த நகரம் மனிதர்களால் ஆனது. அது வெறும் உருவகம் என்று சொல்லி முடித்துவிடவும் மாட்டேன். ஜாதிகள் அதன் வெளிச்சத்தில் நடக்கிறார்கள், ராஜாக்கள் தங்கள் மகிமையை அதற்குள் கொண்டுவருகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறது. இடமும் ஜனமும் அங்கே சேர்ந்தே வருகின்றன. ‘பொன் வீதிகள்’ என்று பன்மையில் பாடுகிறோமே, வசனத்தில் இருப்பது ஒரே வீதி. பளிங்குபோல ஒளி ஊடுருவும் பொன். ரத்தினங்களின் பெயர்களும் அப்படித்தான்: தமிழ் வேதத்தில் மரகதம், கோமேதகம், புஷ்பராகம், வைடூரியம் என்று நவரத்தினப் பெயர்களாக வருகின்றன, கிரேக்கப் பெயர்கள் ஒவ்வொன்றும் இன்றைய எந்தக் கல் என்பது சரியாகப் பொருந்தாது. கல்லை வைத்து ராசிபலன் போல விளக்கம் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

‘சமுத்திரமும் இல்லாமற்போயிற்று’ என்ற வரி, கடலோடு வாழும் ஊர்களில் மனதைக் குழப்பும். தரங்கம்பாடியிலிருந்து நாகப்பட்டினம் வரைக்கும் கடல்தான் சோறு. அதே கடல் 2004 டிசம்பர் 26 காலையில் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனது. இந்தப் புத்தகத்தில் கடல் என்றால் மிருகம் எழும்பி வரும் இடம் (13:1), மரித்தவர்களை அடைத்துவைத்த இடம் (20:13). 21:1-ல் ஒழிந்துபோவது அந்த அச்சம் என்று கொள்வதே பொருத்தம். புதிய பூமியில் உப்புநீர் இருக்குமா, மீன்பாடு இருக்குமா என்று அந்த வரி பேச வரவில்லை. 20:13-ஐ மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்: ‘சமுத்திரம் தன்னிலுள்ள மரித்தோரை ஒப்புவித்தது.’ உடல் கிடைக்காமல் போனவர்களின் குடும்பங்களுக்கு இதைவிட நேரான வசனம் வேறில்லை. எரித்த உடல், கண்தானம் செய்த உடல், கடலில் கரைந்த உடல் எதுவும் உயிர்த்தெழுதலுக்குத் தடையல்ல என்பதற்கும் இதுவே ஆதாரம். கத்தோலிக்கத் திருச்சபையே 1963-ல் தகனத்துக்கு அனுமதி தந்துவிட்டது.

நதியைப் பற்றி டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல ஒரு சங்கதி இருக்கிறது. 22-ம் அதிகாரத்து ஜீவத்தண்ணீர் நதி எசேக்கியேல் 47-லிருந்து வருகிறது. அங்கே ஒரு புருஷன் நூல் பிடித்து ஆயிரம் முழம் அளக்கிறான். தண்ணீர் கணுக்கால் அளவு. இன்னும் ஆயிரம் முழம், முழங்கால். இன்னும் ஆயிரம், இடுப்பு. நாலாவது ஆயிரத்தில் நீந்தித்தான் போக முடியும், கடக்க முடியாது. வழியில் எந்த உபநதியும் சேரவில்லை. நம் ஆற்றை நினைத்துப் பாருங்கள்: முக்கொம்பில் கொள்ளிடம் பிரிந்து, கல்லணையில் வெண்ணாறும் புது ஆறும் பிரிந்து, அங்கிருந்து வாய்க்கால் வாய்க்காலாகக் குறைந்து, கடைமடைக்கு வரும்போது முறைத்தண்ணீருக்கு மதகடியில் சண்டை. எசேக்கியேலின் ஆறு போகப்போகப் பெருகிக் கடைமடையில்தான் ஆழமாக இருக்கிறது. உப்புக் கடலே அதனால் நல்ல தண்ணீராகிறது. ஆற்றங்கரை மரங்களின் இலை மருந்து என்று எசேக்கியேல் நிறுத்தினார். யோவான் ‘ஜனங்கள் ஆரோக்கியமடைகிறதற்கு’ என்று சேர்த்தார். எசேக்கியேலில் ஆறு ஆலயத்திலிருந்து புறப்படும். யோவானில் ஆலயம் இல்லாததால் சிங்காசனத்திலிருந்தே புறப்படுகிறது. ஒரு தீர்க்கதரிசி கண்டதை இன்னொருவர் எப்படி விரித்தார் என்பதை இந்த இரண்டு அதிகாரங்களையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஆயிர வருஷ அரசாட்சி, இரகசிய வருகை, உபத்திரவ காலம் ஆகியவற்றின் வரிசையில் சபைகளுக்குள் ஒற்றுமை இல்லை. வெளிப்படுத்தின விசேஷம் 20-ம் அதிகாரத்தின் ஆயிர வருஷத்தைச் சபையின் காலமாக ஆதிச் சபைப் பிதா அகுஸ்தீன் கொண்டார். கத்தோலிக்கரும் லுத்தரன்களும் பெரும்பாலும் அந்த வழி. அத்தையின் சபை ஒருவேளை போதிக்கும் ‘வருகைக்கு முன் சபை எடுத்துக்கொள்ளப்படுதல்’ என்ற வரிசை 19-ம் நூற்றாண்டில் டார்பி என்ற போதகர் வழியாகப் பரவியது. எது சரியானாலும் கல்லறைக் கல்லில் மாறப்போவது ஒன்றுமில்லை.

அப்பாயியை அடையாளம் தெரியுமா? நேரடி வசனம் இல்லை. ஆனால் உயிர்த்தெழுந்த இயேசு ‘மரியாளே’ என்று கூப்பிட்டதும் அவள் அறிந்துகொண்டாள். அவர் பொரித்த மீனைச் சாப்பிட்டார். காயத்தின் தழும்பு மாறவில்லை. தெரியும் என்று எதிர்பார்க்க இவை போதுமான காரணம். அங்கே சும்மா உட்கார்ந்திருப்பதா என்றால், வெளிப்படுத்தின விசேஷம் 22:3 ‘சேவிப்பார்கள்’ என்கிறது. வேலை உண்டு, களைப்பும் சாபமும் இல்லை. யார் உள்ளே, யார் வெளியே என்று பெயர் சொல்வது நம் வேலையல்ல. ஜீவபுஸ்தகம் ஆட்டுக்குட்டியானவர் கையில் இருக்கிறது. பரலோகத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொல்லும் சாட்சிகளை ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பரதீசுக்கு எடுக்கப்பட்ட பவுலே, கேட்டதைச் சொல்லக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டார் (2 கொரிந்தியர் 12:4).

அடக்கத்தில் ‘அழக்கூடாது, சந்தோஷமா அனுப்புங்க’ என்று யாரோ அதட்டியதாக எழுதியிருந்தீர்கள். தவறான அதட்டல். நம்பிக்கையற்ற மற்றவர்களைப்போலத் துக்கிக்காதீர்கள் என்றுதான் பவுல் எழுதினார். துக்கிக்காதீர்கள் என்று எழுதவில்லை. சற்று நேரத்தில் எழுப்பப்போகிறோம் என்று தெரிந்தும் லாசருவின் கல்லறை அருகே இயேசு கண்ணீர் விட்டார். நீங்கள் அழலாம்.

கல்லுக்கு வருவோம். பெயர், பிறந்த தேதி. அதன் கீழ் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தது’ என்று தேதியோடு. அதற்கும் கீழ் ‘உயிர்த்தெழுதலை நோக்கிக் காத்திருக்கிறார்’. அடியில் ‘வெளி. 21:3, 4’. சித்தப்பாவின் வார்த்தை முதலில் வந்துவிடுகிறது. அத்தையின் நகரம் அந்த வசன எண்ணில் இருக்கிறது. ‘கர்த்தருக்குள்’ என்பதே அப்பா கேட்பதைச் சொல்லிவிடுகிறது. முழு வசனத்தையும் போட்டால் எழுத்து சிறுத்துப்போகும். கடற்கரைப் பக்கத்து உப்புக்காற்றில் எழுத்துக்குள் அடித்த பெயின்ட் போன பிறகு, ஆழமாகவும் பெரிதாகவும் பொறித்ததுதான் படிக்கக் கிடைக்கும். கம்ப்யூட்டரில் அடித்து ஸ்டிக்கர் வெட்டிப் பொறிப்பவராக இருந்தால், எழுத்துரு மாறும்போது கொம்பும் புள்ளியும் இடம்மாறும். ‘கர்த்தருக்குள்’ளில் நான்கு புள்ளிகள், ‘காத்திருக்கிறார்’ரில் மூன்று. வெட்டுவதற்கு முன் தாளில் ஒரு படி வாங்கி அப்பா, சித்தப்பா, அத்தை மூவரிடமும் வாசிக்கக் கொடுங்கள். வசன எண்ணையும் வேதத்தைத் திறந்து வைத்துச் சரிபாருங்கள். 21:4-க்குப் பதில் 20:4 என்று விழுந்தால், சிரச்சேதம் செய்யப்பட்டவர்களைப் பற்றிய வசனம் அப்பாயியின் கல்லில் நின்றுவிடும்.